4417 நிரப்பிய ஓட்டைகள்

ஓய்வு பெற்ற நாற்பதாவது நாள், என் மனைவி செல்வராணி என்னைச் சமையல்கட்டிலிருந்து வெளியேற்றினாள். சாம்பாரில் உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று நான் யோசனை சொன்னதுதான் குற்றம்.

“முப்பத்திரண்டு வருசம் உரக் கம்பெனி ஸ்டோர்ல மூட்டை எண்ணுனது போதாதா? இங்கன வந்து கரண்டிய எண்ணிக்கிட்டு நிக்கீக. ஏதாவது கிளாஸ்ல போய்ச் சேருங்க.”

சேர்ந்தேன். குடும்ப வரலாறு தேடுவோருக்கான இலவச ஆன்லைன் வகுப்பு, சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு. சென்னையிலிருந்து மரியசெல்வி என்ற பெண் நடத்தினார். முதல் வகுப்பில் என் மைக்கை அணைக்கத் தெரியவில்லை. கனடா, மலேசியா, கொழும்பு என்று பல ஊர்களிலிருந்து தங்கள் முன்னோரைத் தேடி வந்திருந்த நாற்பது பேர், வாசலில் செல்வராணி சீலா மீனுக்குப் பேரம் பேசி ஜெயித்ததை முழுசாகக் கேட்டார்கள். ஒருவர் கைதட்டினார்.

இரண்டாவது வகுப்பில் கணினியில் குடும்ப மரம் வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். பிறந்த தேதி, இறந்த தேதி. இறந்த தேதியைப் போட்டால் கட்டம் சாம்பல் நிறமாகிவிடும். காலியாக விட்டால், ஆள் உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொண்டு கணினி ஒரு பச்சைப் புள்ளி வைக்கும். அப்பா, அம்மா, தாத்தா என்று வரிசையாகச் சாம்பலாக்கிக்கொண்டே வந்தவன், தம்பி ஜெயகணேஷின் கட்டத்தில் நின்றுவிட்டேன்.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் உடன்குடிக் கருப்பட்டிச் சிப்பத்தோடு அவன் தூத்துக்குடியிலிருந்து சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போனான். தோணி போய்ச் சேரவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. பத்தாம் நாள் சொந்தக்காரர்கள் கூடி, காரியம் செய்துவிடலாம் என்று மெல்லப் பேச்செடுத்தபோது நான் மேசையை ஓங்கித் தட்டி, “எந்தம்பி வருவான். இனிமே இந்த வீட்டுல எவனும் இதப் பேசக் கூடாது” என்றேன். என் வாழ்நாளில் நான் போட்ட உத்தரவுகளில் எல்லோரும் கீழ்ப்படிந்தது அது ஒன்றுதான். தம்பி மனைவி சுடலைச்செல்வி அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பின்பக்க அறையில் இருக்கிறாள். பொட்டு, பூ எதையும் எடுக்கவில்லை. அவள் அறையில் ஒரு பீரோ. அதன் சாவி தம்பியின் அரைஞாண் கயிற்றோடு போய்விட்டது. உடைக்கவும் நான் விடவில்லை. ஆடி அமாவாசைக்குத் திருச்செந்தூர்க் கடலில் அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது, இவன் பெயரைத் தாண்டிப் போய்விடுவேன்.

அன்றும் தேதியைக் காலியாகவே விட்டேன். பச்சைப் புள்ளி வந்தது. சும்மா சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆறு வகுப்பு முடிந்ததும், ஒரு பழைய பதிவேட்டைப் படியெடுக்கும் தன்னார்வத் தொண்டுக்கு அழைத்தார்கள். நூறு வருடத்துக்கு முன் கொழும்புக் கப்பலுக்காக இங்கே தூத்துக்குடிக்கு வந்து, ஏறுவதற்கு முன்பே காய்ச்சல் முகாமில் செத்துப்போனவர்களின் பதிவேடு அது. படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு தொண்டர்கள் தட்டச்சு செய்வார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். இரண்டு பேரும் வேறு வேறாக எழுதியிருந்தால், எது சரி என்று மூன்றாவது ஆள் பார்த்து ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்த வேண்டும். அந்த மூன்றாவது ஆளாக என்னைப் போட்டார்கள். உரக் கம்பெனி முப்பத்திரண்டு வருடத்தில் கொடுக்காத பதவி உயர்வு.

பதிவேட்டைக் கரையான் அரித்திருந்தது. எழுத்து போன இடத்தில் ‘படிக்க இயலவில்லை’ என்று போட வேண்டும் என்பது விதி. ஒருவர் ஒழுங்காக அப்படித்தான் போட்டார். இன்னொருவர், எண் 4417, ஓட்டைகளை நிரப்பினார்.

வெள்ளைத்தாளில் ஓட்டை பெரிதாக, அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி இருக்கும். 4417 அதில் எழுதியிருப்பார்: ‘முத்துக்கனி, வேம்பார், வயது 19. வலது காதில் கடுக்கன் இல்லை, முகாமில் களவு போனது.’

யாரோ வாத்தியார் கற்பனைக் குதிரையைத் தட்டிவிடுகிறார் என்று எல்லாவற்றையும் நிராகரித்தேன். அவர் சளைக்கவில்லை. தினமும் வரும். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு வரும். ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது.

மரியசெல்வியிடம் புகார் சொன்னேன். அடுத்த வகுப்பில் அவர் முகம் சரியில்லை.

“சார், கொழும்புல நம்ம வகுப்புல இருக்காங்களே ஒரு அம்மா, அவங்ககிட்ட ஒரு பழைய கடிதம் இருக்கு. முகாம்ல செத்துப்போன பெரியப்பாவைப் பத்தி. பேரு முத்துக்கனி, வேம்பார். கடுக்கன் களவு போனதைக்கூட எழுதியிருக்காங்க. அந்தக் கடிதத்த அவங்க இதுவரை யாருக்கும் காட்டினதில்ல.”

“அந்த 4417 யாரும்மா?”

“பேரு சொல்லக் கூடாது சார். உங்க ஊர்தான், தூத்துக்குடி. அதுவரைதான் சொல்லலாம்.”

முழங்கை மயிர் எழுந்து நின்றது. வேர்க்குரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். பின்வாசல் குழாயடி ஈரமாக இருந்தது. அன்றைக்கு மாநகராட்சித் தண்ணீர் வராத நாள். காய்ந்த இடங்களில் உப்பளத்து ஓரம் மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்புத் தண்ணீர்தானே இந்த ஊரில், என்று மேலே வந்துவிட்டேன். தைரியசாலிகள் யோசிப்பதில்லை.

அதன்பின் 4417 எழுதிய எல்லாவற்றுக்கும் ‘ஏற்கிறேன்’ போட்டேன். ஆனால் ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. தட்டச்சு செய்பவரும் சரிபார்ப்பவரும் பேசிக்கொள்ள ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு புதன்கிழமை காலை, அதில் எழுதினேன்: ‘இந்தப் பதிவேட்டில் இல்லாத ஒருவர். ஜெயகணேஷ். 1994. தோணி. ஏதாவது தெரியுமா?’

எழுதிவிட்டு அழிக்கப் போனேன். கை வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பதில் வந்தது.

‘தொண்ணூற்று நாலு ஐப்பசி இருபத்தொண்ணு, உச்சிப்பொழுது. பீரோச் சாவி அவரிடம் இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.’

எப்படிக் கீழே வந்தேன் என்று தெரியவில்லை. சாமி அறையில் சுடலைமாடன் படத்தைச் சுவரிலிருந்து விலக்கினேன். பின்னால் ஓர் ஆணி. ஆணியில் மஞ்சள் கயிறு. கயிற்றில் சாவி.

தொட்டேன். சில்லென்று இருந்தது. படத்தைப் பழையபடி சாத்திவிட்டு, யோக்கியன் மாதிரி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். செல்வராணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சுடலைச்செல்வி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அப்பளத்தை வைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

“சாவியப் பாத்தீகளா, அத்தான்?”

மேசையில் அவளுடைய செல்போன் இருந்தது. திரையில் என் கேள்வி.

“நீயாம்மா?”

“ஒங்க கிளாஸ் மச்சுல நடக்கு, சத்தம் கீழ வரைக்கும் கேக்குது. நானும் சேந்தேன். அக்காவுக்குத் தெரியும்.”

“சாவி...”

“அவுக கெளம்புற அன்னைக்கு நாந்தான் அரைஞாண்ல இருந்து அவுத்து ஒளிச்சு வச்சேன். சாவிய விட்டுட்டுப் போனவுக தேடிக்கிட்டாவது சீக்கிரம் வருவாகன்னு.” அப்பளத்தை நொறுக்கி என் சோற்றில் போட்டாள், சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல. “வந்தாக. கெளம்பிப் போன நாலாம் நாளே. உச்சிநேரம், குழாயடில நின்னாக. சட்டையில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன், இனி இல்லன்னு.”

“ஏம்மா இத்தனை வருசம் சொல்லல?”

“யாரு கேட்டா? வீட்டுக்கு மூத்தவுக, மேசையத் தட்டிப் பேசக் கூடாதுன்னுட்டீக. நான் காத்துக்கிட்டு இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லுதாக. நான் எங்க காத்துக்கிட்டு இருந்தேன்? நீங்கதான் இருந்தீக. ஒங்களப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும்.”

முப்பது வருடமாக அவளை நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், சோற்றில் விரலால் கோலம் போட்டேன்.

“அப்ப அந்த ஓட்டைக...”

“அதுல இருக்கிறவுக வந்து சொல்லுதாக. ஒருத்தர் ஒருத்தரா. மொத மொத முத்துக்கனின்னு ஒரு பய வந்தான், அழுதுக்கிட்டே. பேரு எழுதி நீங்க ஏத்துக்கிட்டீகன்னா மறுநாளு வாரதில்ல. போயிருதாக.”

“ஜெயகணேஷ்?”

அவள் பின்வாசல் பக்கம் பார்த்தாள். மதிய வெயில் குழாயடியில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை. சிமெண்டுத் தரையில் ஈரம் மட்டும் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

“அவுக எப்படிப் போவாக? நீங்க எழுதலையே.”

கையைக் கழுவாமல் எழுந்தேன். மாடிப்படி பன்னிரண்டும் அன்று இருபத்துநான்காக இருந்தன. அவளும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றாள். குடும்ப மரத்தைத் திறந்தேன். சாம்பல் கட்டங்களுக்கு நடுவில் அந்தப் பச்சைப் புள்ளி. இறந்த தேதி என்ற இடத்தில் விரலை வைத்தேன். ஐப்பசி இருபத்தொன்றுக்கு இங்கிலீஷ் தேதி என்ன என்று தெரியவில்லை. பழைய காலண்டரைத் தேடித்தான் ஆக வேண்டும். இன்றைக்கு முடியாது போலிருக்கிறதே என்று ஒரு அல்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

“நவம்பர் ஏழு, அத்தான்,” என்றாள் சுடலைச்செல்வி. “எழுதுங்க. கால் வலிக்காதா அவுகளுக்கு?”

எழுதினேன். ஒரு குழம்புக் கை, ஒரு நல்ல கை, இரண்டும் சேர்ந்து எட்டு எண்களை அடிக்க எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. கணினி, ‘உறுதியாகவா?’ என்று கேட்டது. அதற்கு என்ன தெரியும். ஆம் என்றேன். பச்சை போயிற்று.

கீழே வந்தபோது குழாயடி காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் வற்றிய இடத்தில் உப்பு பூத்து, இரண்டு பாதங்களின் அச்சு தெரிந்தது. இடது காலில் சுண்டுவிரல் வெளியே வளைந்திருந்தது. அவனுக்கு ஒன்பது வயதில் என் சைக்கிள் கால்மேல் ஏறியபோது வளைந்தது. அம்மாவிடம் அவன் சொல்லவே இல்லை. பாதங்கள் தெருவாசலைப் பார்த்து இருந்தன.

ரேஷன் பையோடு வந்த செல்வராணி தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். துடைப்பத்தை எடுக்கப் போனவளைச் சுடலைச்செல்வி தடுத்தாள்.

“இருக்கட்டும் அக்கா. அத்தான் கழுவட்டும்.”

பிறகு சாமி படத்தை விலக்கிச் சாவியை எடுத்துக்கொண்டு, நெற்றிப் பொட்டைக் கண்ணாடியில் ஒருமுறை சரிசெய்துகொண்டு, பீரோவைத் திறக்கப் போனாள்.