வாலன்டினா (எ) கோகிலவாணி

அப்பாவின் தாடையைத் தூக்கிக் கட்ட வேட்டிக்கரையைக் கிழித்துக்கொண்டிருந்தாள் கோகிலவாணி. அஞ்சலி ஃபிளெக்ஸில் போட மகள் பெயரைக் கேட்டு, கச்சிராயபாளையம் ஃபிளெக்ஸ் கடைக்காரன் கவியரசன் போன் போட்டான்.

"கோகிலவாணி," என்றான் அவள் புருஷன் தனசேகரன்.

அவள் போனை வாங்கினாள். "வாலன்டினான்னு போடுங்க."

ஒப்பாரி பாதியில் நின்றது. பின்னே, நிற்காதா?

கரும்பு ஆலையில் வேலை பார்த்த நாராயணசாமிக்கு ஆகாயப் பைத்தியம். பள்ளிக்கூட வயதில், முதன்முதலாக ஒரு பெண் தன்னந்தனியாக விண்வெளிக்குப் போனதை ரேடியோவில் கேட்ட மனுஷர், வாலன்டினா என்ற அவள் பெயரைப் பதின்மூன்று வருஷம் பொத்தி வைத்திருந்து மகளுக்குச் சூட்டினார். தெரு சும்மா இருக்குமா? 'வாலு' என்று சுருக்கிவிட்டது. பத்தாவதில், ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்து அவள் கோகிலவாணி ஆனாள். நாராயணசாமி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். புதுப்பெயரை மட்டும் அவர் நாக்கு தொட்டதே இல்லை. பழையதையும் சொல்லவில்லை. "பாப்பா" என்பதோடு சரி.

இன்று விடிந்த பிறகு, ஜன்னல் வழியே கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டு, "வாலன்டினா" என்றார்.

மகளைத்தான் கூப்பிட்டாரா, மலைக்கு மேலே வேறு யாரையாவது பார்த்தாரா? அவள் "இன்னாப்பா" என்பதற்குள் போய்விட்டார்.

மத்தியானம் ஃபிளெக்ஸ் வந்தது. அதில் நாராயணசாமி சிரித்தார். கீழே மகளுக்கான வட்டத்தில், தலைக்கவசம் மாட்டிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி.

அத்தை கொளஞ்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். "யார்ரீ இவ? குண்டானக் கவுத்துக்கினு கீறா? உங்கப்பனுக்கு இப்டி ஒருத்தி இருந்தத எவனும் சொல்லவே இல்லியே!"

தனசேகரன் பல்லைக் கடித்தான். "பேர போன்ல தேடி, வந்த படத்த ஒட்டிக்கிறான் கடங்காரன். கயட்டச் சொல்றேன். ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும்ங்க."

"அப்ப யாருதான்டி இவ?" அத்தை விடுவதாக இல்லை.

"நான்தான் அத்த."

பாடை தெருமுனை திரும்பியது. பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். அணைக்கட்டுப் பக்கமிருந்து வந்த காற்றில், அங்கே கட்டியிருந்த ஃபிளெக்ஸ் உப்பியது. ஒரு முனை அவிழ்ந்து, அந்தத் தலைக்கவசம் கூரைகளுக்கு மேலே எழும்பி எழும்பித் தணிந்தது.

"புடிச்சிக் கட்டுடி, பிச்சிக்கினு போயிடப் போவுது!" என்றாள் அத்தை.

அவள் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். கட்டவில்லை.