தொட்டி விளக்கைக் கூட்டியது யார்?

துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று தங்கைதான் தையல் கடையில் மீன்தொட்டி வைத்தாள். மீனைவிடச் செடிகள்தான் அவளுக்கு ஆசை. விளக்கு வாங்கப் போனபோது மீன்தொட்டிக் கடைக்காரர் இருப்பதிலேயே சின்னதை எடுத்து நீட்டினார்.

"இந்தச் செடிங்களுக்குக் கம்மி வெளிச்சம் போதும்மா. ரெகுலேட்டரைப் பாதியில வச்சு ஆறு மணி நேரம் எரிய விடுங்க. கூடிட்டா பாசிதான் மண்டும்."

விலை குறைந்ததை வலியத் தள்ளுகிற வியாபாரியை அவள் கண்டதில்லை. விற்காத சரக்கைத் தலையில் கட்டுகிறாரோ? பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

மூன்றே வாரத்தில் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி.

"உன் தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான்" என்றாள், கூடவே தைக்கும் அக்கா.

தங்கை விளக்கைக் கழற்றிக்கொண்டு சண்டைக்குப் போனாள். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார்.

"முழுசா கூட்டி வச்சிருக்கே!"

"நான் பாதியிலதான் வச்சேன்."

"அப்போ உங்க கடையில வேற யாரு இருக்காங்கன்னு பாருங்க."

வேறு யார்? அக்காதான். துணி வெட்டும் இடத்தைத் தொட்டி அடைத்துக்கொண்டது என்று முதல் நாளே முணுமுணுத்தவள். பிடிக்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதானே, செடியையா கெடுப்பது?

விளக்கைப் பாதியில் வைத்துத் திரும்ப மாட்டினாள். மறுநாள் மதியம், தைத்த துணி கொடுக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவள் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து கதவிடுக்கில் பார்த்தாள்.

தொட்டி விளக்கு பளீரென்று எரிந்தது. அக்கா அதில் முகத்தை ஒட்டி வைத்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. ஐந்தாவது தடவையும் நுழையவில்லை. மடியில் பிரித்துப் பிரித்துத் தைத்த ரவிக்கை.

கதவு திறந்ததும் அக்காவின் கை ரெகுலேட்டருக்குத் தாவியது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆறு மாசமா. எல்லாம் புகை மூட்டமாத் தெரியுது. சொன்னா மெஷினை விட்டு எழுப்பிடுவியேன்னு பயந்தேன்டி."

"அதுக்குப் பாவம், அந்தக் கடைக்காரன் மேலயா பழி போட்டே?"

அக்கா ரெகுலேட்டரைப் பாதிக்குத் திருப்பி வைத்தாள்.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் மருத்துவர். "ஆபரேஷன்தான்னு எடுத்த எடுப்புல சொல்றாரே" என்று அக்கா அவரையும் நம்பவில்லை. இரண்டாவது மருத்துவரும் அதையே சொன்ன பிறகுதான் நாள் குறிக்கச் சம்மதித்தாள். ஆபரேஷன் முடியும்வரை தினமும் காலையில் பத்து ஊசிகளில் நூல் கோத்து அக்காவின் மெஷினருகே குத்தி வைத்துவிட்டே தங்கை வெளியே போனாள்.