சங்கத்தின் முதல் வரி

கழுத்துப் பொத்தான் மட்டும் துளைக்குள் நுழைய மறுத்தது. தேவநேசன் தம்பியின் தலையை இடது கையால் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் மறுபடியும் அழுத்தினார்.

"உடுங்க பெரியப்பா. அப்பா அந்தப் பட்டன என்னிக்குமே போட்டது கெடையாது," என்றாள் கிரேஸ்.

"இன்னிக்குப் போடட்டும்."

பொத்தான் ஏறிவிட்டது. யேசுபாதம் மேடைக்கு வற்புறுத்தி அழைக்கப்பட்டவர்போலச் சவப்பெட்டிக்குள் விறைப்பாகப் படுத்திருந்தார். நேற்று மாலை சங்கத்து மைதானத்தில் வாலிபால் ஆட்டத்துக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

தேவநேசன் நிமிர்ந்து தன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். வாலாஜாபாத் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயதிலும் நாற்காலியில் முதுகு சாய்க்காமல் உட்காருகிறவர். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தம்பி அதை நடத்தி வந்தான். செயலாளர் அவன் மகள் கிரேஸ்.

அந்தச் சங்கம் அண்ணன் தம்பி இருவரின் அப்பா ஆரம்பித்தது. ஐயம்பேட்டையில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். மிஷன் பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொண்ட அப்பா, காஞ்சிபுரத்துப் படிப்பகத்துக்குப் பத்திரிகை பார்க்க வந்தால் அவரை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். உள்ளே யாராவது உரக்கப் படித்தால் வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவார். பிள்ளையார்பாளையத்து ஓரத்தில் ஓலைக்கொட்டகை போட்டுச் சங்கம் தொடங்கிய அன்று, நோக்கம் என்று ஒரே வரிதான் எழுதினார்: 'கிறிஸ்துவின் அன்பை முன்னிட்டு, எந்தப் பிள்ளையும் வாசலில் நிற்காதபடிக்கு.' இன்றைக்கும் மாலையில் ஆட்டம் தொடங்குமுன் பிள்ளைகள் வட்டமாக நின்று அதைச் சொல்லிவிட்டுத்தான் பந்தைத் தொடுவார்கள்.

அந்த வரியிலிருந்து ஒரு வார்த்தையை எடுக்க வேண்டும் என்று கிரேஸ் கேட்டு இரண்டு மாதமாகிறது. வரும் ஞாயிறு பொதுக்குழுவில் முடிவு.

"தறிக்காரங்க வீட்டுல பொண்ணுங்கள அனுப்ப யோசிக்கிறாங்க பெரியப்பா. மதம் மாத்திடுவாங்கன்னு யாரோ சொல்லிக்கினு இருக்காங்க. 'அன்பை முன்னிட்டு'ன்னு இருந்தா போதாதா?" என்று அன்று கேட்டாள்.

"யாரு அன்பு? ஊரான் அன்பா? எங்கப்பன ஒருத்தனும் உள்ள கூப்புடல. அவரு கூப்புட்டாரு. அந்தப் பேரச் சொல்லித்தான் நாம நாற்காலியில உக்காந்தோம். அத அழிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

யேசுபாதம் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். அவர் மனதில் என்ன இருந்தது என்று இனிக் கேட்க முடியாது.

வெளியே நாற்காலி இழுபடும் சத்தமும் பாட்டும் கேட்டன. தேவநேசன் பந்தலுக்கு வந்தபோது, தெருவில் மின்கம்பத்தில் கட்டியிருந்த பேனர் கண்ணில் பட்டது. விசிலும் கையுமாகத் தம்பி சிரித்தான். கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. 'எங்கள் மாஸ்டருக்குக் கண்ணீர் அஞ்சலி.' அதன் கீழே சிவப்பு எழுத்தில்: 'அன்பை முன்னிட்டு, எந்தப் பிள்ளையும் வாசலில் நிற்காதபடிக்கு.'

அவர் அங்கேயே நின்றார்.

"கிரேஸ்."

வந்து பார்த்தவளுக்கு முகம் வெளுத்தது. "பொதுக்குழுவுக்கு நான் டைப் பண்ணது பெரியப்பா. குமரன் போன்ல இருந்துச்சு. நான் போடச் சொல்லல."

"எந்தக் குமரன்?"

கம்பத்தடியில் நின்றிருந்த இளைஞன் முன்னால் வந்தான். சங்கத்து வாலிபால் அணியின் கேப்டன். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகன், ஒரகடத்தில் கம்பெனி வேலை. குளித்த ஈரம் தலையில் இருந்தது. நெற்றியில் மூன்று பட்டையாக விபூதி.

"அவுத்துடுபா," என்றார் தேவநேசன்.

"ஐயா, எதுனா தப்பா..."

"அவுத்துடு."

அவன் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தான். இரண்டு பேர் கம்பத்தில் ஏறினார்கள். சுருட்டிய பேனரைச் சுவரோரமாக வைத்துவிட்டுத் திரும்பவும் வந்தான்.

"மாஸ்டரத் தூக்க நாங்க ஆறு பேரு இருக்கோம் ஐயா."

"அது சபை காரியம். சபைக்காரங்க தூக்குவாங்க. நீங்க பின்னால வாங்க."

கிரேஸ் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

போதகர் வந்து ஜெபம் பண்ணினார். பெட்டியை மூடிக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். முன்பக்கம் இடது தோள் தேவநேசனுடையது. அண்ணன் தோள் கொடுக்க வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கிய இடம். மற்ற ஐந்து பேரும் சபை மூப்பர்கள். தூக்கும்போதே பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. "பாத்து, பாத்து. மெதுவாப்பா," என்றார் போதகர்.

முற்றத்தைக் கடந்து கேட்டருகே வந்ததும் தேவநேசன் அவர்களைப் பார்த்தார். தெருவில், மதில் ஓரமாக, பையன்களும் பெண்களுமாகச் சங்கத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். செருப்புகளைக் கழற்றி ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தார்கள். தார்ச்சாலை கொதித்துக்கொண்டிருந்தது, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். கேட் அகலமாகத் திறந்துதான் கிடந்தது. ஒருவர்கூட அதைத் தாண்டி உள்ளே வரவில்லை.

வாசலில் நின்றார்கள்.

அவருக்குத் தோள் வலித்தது. பெட்டியின் பாரம்தான் என்று முதலில் நினைத்தார்.

"நிறுத்துங்க," என்றார்.

பின்னால் வந்த மூப்பர் முட்டிக்கொள்ளப் பார்த்தார். "இன்னா ஆச்சு அண்ணே? முடியலியா?"

"முடியுது. நிறுத்துங்க." கேட்டுக்கு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "குமரா, உள்ள வாப்பா. அந்தப் பசங்களையும் இட்டுக்கினு வா."

குமரன் ஓடி வந்தான். வாசற்படியில் கால் வைக்குமுன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனான்.

"அது எதுக்கு?"

"பொட்டியத் தொடணுமே ஐயா. சபைக்காரங்க எதுனா நெனச்சுக்கப் போறாங்க. அம்மா வச்சு உட்டது. இதோ தொடச்சிடறேன்."

"தம்பி இருந்தப்போ தொடச்சிட்டுதான் கிரவுண்டுக்கு வருவியா?"

"இல்ல ஐயா. மாஸ்டர் அதெல்லாம் பாக்க மாட்டாரு."

"அப்போ இருக்கட்டும்."

குமரனின் கை நெற்றிக்கும் மார்புக்கும் நடுவில் நின்றது. அப்புறம் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"அழிக்காத," என்றார் தேவநேசன். பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்த கிரேஸ் காதில் அது விழுந்தது. அவள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

அவர் தோளை விலக்க, குமரன் தன் தோளைக் கீழே நுழைத்தான். மூப்பர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பெட்டி சமனாயிற்று.

"ஐயா," என்றான் குமரன், முகத்தைத் திருப்ப முடியாமல். "போன்ல இருந்தத அப்படியே அடிச்சிட்டாங்க. நான் சரியா பாக்கல. சாயங்காலத்துல நாங்க முழுசாத்தான் சொல்வோம்."

"தெரியும்பா. நட."

கல்லறைத் தோட்டம் வரைக்கும் தேவநேசன் பெட்டிக்குப் பக்கத்திலேயே நடந்தார். முதுகு வளையவில்லை. கிரேஸ் அவர் அருகில் வந்து சேர்ந்துகொண்டாள். ரங்கசாமி குளத்துப் பக்கம் போகும் பஸ் ஒன்று ஓரங்கட்டி வழிவிட்டது.

"அந்த பேனர் எங்க?" என்று கேட்டார்.

"சொவரோரமா இருக்குது பெரியப்பா."

"தூக்கிப் போட்டுடாத. அதுல அவன் நல்லா சிரிச்சிக்கினு இருக்கான்."

சிறிது தூரம் போனபின் கிரேஸ் சொன்னாள்: "விட்டுப்போன வார்த்தைய நானே எழுதிடறேன். பெயிண்ட் சங்கத்துல இருக்குது."

அவர் சரியென்று தலையசைத்தார்.

குழியருகே பெட்டியை இறக்கினார்கள். குமரன் நெற்றி சாய்ந்திருந்த இடத்தில், கறுப்புத் துணியின் மேல், வியர்வையோடு கரைந்த விபூதி வெள்ளையாக ஒரு கோடு இழுத்திருந்தது. மூப்பர் ஒருவர் அதைக் கண்டு, தோளிலிருந்த துண்டை எடுத்துக் குனிந்தார்.

தேவநேசன் அவர் கையைப் பிடித்தார்.

கயிறுகள் இறங்கின. போதகர் வாசித்துக்கொண்டிருந்தார். முதல் பிடி மண் விழும்வரைக்கும் அந்த வெள்ளைக்கோடு தெரிந்துகொண்டிருந்தது.