மரத்துக்கு ஒரு கட்டம், குரங்குக்கு ஒரு கட்டம்

தோட்டத்து இயக்குநருக்குக் கட்டம் போட்டால்தான் மூளை வேலை செய்யும். இடப்பக்கம் மரம், வலப்பக்கம் குரங்கு. இரண்டில் எதைக் காப்பாற்றலாம் என்று மதியத்துக்குள் ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லிவிட்டார். நாற்றங்கால்காரிக்குத் தலை சுற்றியது. அவள் வளர்ப்பது மரம். பக்கத்துக் கூண்டில் அவள் புருஷன் வளர்ப்பது குரங்கு. நல்ல வேலைதான் கொடுத்தார் மனுஷர்!

அந்த இனத்தில் மிச்சமிருந்த ஒரே மரம் முந்தாநாள் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. அதிலிருந்து பொறுக்கிக் கூண்டு வாசலில் வைத்திருப்பது ஒரு கூடைப் பழம். அது விதைக்காக நாற்றங்காலுக்கா, இந்தப் பழத்தைத் தவிர வேறெதையும் முகர்ந்துகூடப் பார்க்காத நாலு கிழட்டுக் குரங்குகளுக்கா? அதுதான் கேள்வி.

பழைய பதிவேடுகளைப் பிரித்து எழுதிக்கொண்டே வந்தாள். மரத்தடியில் வருஷா வருஷம் தானாக முளைத்து, களையென்று பிடுங்கி எறியப்பட்ட கன்றுகள், முப்பது, நாற்பது. தோட்டமெங்கும் திரிந்த குரங்குகள், இருபத்தாறு. ஓரிடத்தில் பேனா நின்றது. குரங்குகளைக் கூண்டில் அடைத்த வருஷம். அதற்கப்புறம் ஒரு கன்றுகூட இல்லை. அவள் பார்த்துப் பார்த்து விதைத்ததெல்லாம் மண்ணிலேயே மக்கிப் போயிருக்கிறது. குரங்கு முழுங்கி வெளியே போட்ட விதைதான் இத்தனை காலமும் முளைத்திருக்கிறது! கிளையை ஒடிக்கின்றன, அடைத்து வையுங்கள் என்று அன்றைக்கு மனுக் கொடுத்தது யார்? சாட்சாத் இவளேதான்.

போகட்டும், இன்னும் ஒரு கூடை இருக்கிறதே. அப்படியே தின்னக் கொடுத்தால் இரண்டும் பிழைக்கும். காகிதத்தைப் போட்டது போட்டபடி கூண்டுக்கு ஓடினாள்.

கம்பிக்குப் பின்னால் நாலும் மென்றுகொண்டிருந்தன. புருஷன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கோவிச்சுக்காத. பசியில என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. மனசு கேக்கல, குடுத்துட்டேன்."

"கொட்டையோடதானங்க?"

"அட, தொண்டையில சிக்கிக்காதா? இத்தன வருஷத்துல ஒரு நாளாவது கொட்டையோட குடுத்திருக்கேனா நான்?"

"கொட்டையெல்லாம் எங்க?"

அவன் அடுப்பைக் காட்டினான். நோய் பரவாதிருக்க, கூண்டுக் கழிவு எதுவானாலும் கொதிக்கவைத்துத்தான் கொட்டவேண்டும். பானை தளதளவென்று கொதித்தது. கரண்டியை விட்டு ஒன்றை எடுத்தாள். விரல் பட்டதும் மாவாக நசுங்கியது. அவளுக்கு ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது. யாரைத் திட்டுவாள்?

"சரி, உன் கட்டத்துல யாரு ஜெயிச்சா? மரமா, குரங்கா?"

"உங்க குரங்குதாங்க."

பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அப்புறம் காலிக் கூடையைப் பார்த்தான்.

"ஆமா, நாளைக்கு இதுங்களுக்கு என்னத்தக் குடுக்கிறது?"