சேற்றுக்கு ஏது ஆயுத பூஜை?

சாமுண்டீஸ்வரியின் கொட்டகைக் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டி எட்டு நாள் ஆகியிருந்தது. அவளுடைய நான்கு எருமைகளின் சாணம் கூவத்தில் கலந்து அழுகுகிறதாம். அதில் வாயு கிளம்பித்தான் தண்ணீர் குமிழியிடுகிறதாம். பத்தாம் நாள் கொட்டகையைப் பிரித்துவிடுவார்களாம்.

“சாணிய வறட்டி தட்டறேன், ஆத்துலயா கொட்டறேன்?” என்று சென்னீர்குப்பம் முழுக்கக் கேட்டுவிட்டாள்.

அன்று ஆயுத பூஜை. மேல்கரையில் இரும்புக்கு முலாம் பூசும் பிளேட்டிங் கம்பெனியில் வேலை செய்யும் ஜேசுராஜ் பொரிப் பொட்டலத்தோடு வந்தான்.

“இந்தா யக்கா. எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சு நிறுத்தியாச்சு. இனி நாளன்னிக்குக் காலைல எட்டு மணிக்குத்தான் சங்கு.”

“வேதக்காரன் நீயுமாடா பொட்டு வெச்சே?”

“மிஷினுக்கு இன்னா மதம் யக்கா?”

சிரித்துக்கொண்டே பொரியை வாயில் போட்டவள் ஆற்றைப் பார்த்தாள். மென்று விழுங்க மறந்தாள். கொட்டகைக்கு நேர் எதிரே, தினமும் உலை மாதிரி கொதிக்கும் இடத்தில் ஒரு குமிழிகூட இல்லை. மறுநாளும் கரையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். இல்லை.

பத்தாம் நாள் காலை ஏழே முக்காலுக்கு நோட்டீஸ் ஒட்டிய அதிகாரி ஹேமநாதன் கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தார்.

“எட்டு மணி வரைக்கும் நில்லு சார்” என்றாள்.

“நல்ல நேரம் பாக்கறியாம்மா?”

“ஆமா. உனக்கில்ல, ஆத்துக்கு.”

நீண்ட மூங்கில் கழியை எடுத்து ஆகாயத்தாமரை ஓரமாகச் சேற்றில் குத்தினாள். நாலைந்து குமிழிகள் பொளக்கென்று வந்தன. அழுகின முட்டை நாற்றம். அப்புறம் நின்றுவிட்டன.

“இது தழை அழுகற வாயு. குத்தினா வரும், நின்னுடும். வெயில்ல இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு தானாவும் வரும். நீ நோட்டீஸ்ல எழுதின கொமிழி ஒரே எடத்துல ஓயாம வரும். எங்க சார் அது? காமி.”

ஹேமநாதன் எட்டிப் பார்த்தார். காணோம்.

“ரெண்டு நாளா கம்பெனி லீவு. என் எருமைங்க லீவு போடல. வேளாவேளைக்குச் சாணி போட்டுகினுதான் கீதுங்க. சேத்துக்கு ஏது சார் ஆயுத பூஜை?”

கடப்பாரைக்காரர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

“வாயப் பாரு! பிரிங்கய்யா” என்றார் ஹேமநாதன்.

அவள் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, கழியைக் குறுக்கே பிடித்தாள். “பிரி. என்னையும் சேத்துப் பிரி.”

ஆட்கள் தயங்கினார்கள். கம்பெனிச் சங்கு ஊதியது.

ஒரு நிமிடம். இரண்டு. ஹேமநாதன் மீசைக்குள் சிரித்தார். மூன்றாவது நிமிடம் ஒற்றைக் குமிழி எழுந்தது. பிறகு பத்து. பிறகு சாம்பல் நுரை தள்ளிக்கொண்டு அந்த இடமே கொதித்தது.

புடவையை வரிந்து கட்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். நுரைக்கு நடுவே கழியால் ஒரே குத்து. ‘டங்’ என்றது இரும்பு.

ஹேமநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரிம்மா, மேலிடத்துல பேசிட்டுச் சொல்றேன்” என்று நோட்டீஸைக் கிழிக்கக் கை நீட்டினார்.

சொட்டச் சொட்டக் கரையேறி வந்தவள் கழியை நடுவில் நீட்டினாள். “அத எங்க எடுத்துகினு போற? எட்டு மணிக்கு சங்கு, எட்டு மூணுக்கு கொமிழி, அடியில குழாய்னு அது மேலயே எழுது.”

“நான் எப்படிம்மா எழுதறது?”

“அப்ப நீயே எறங்கி, அது குழாயா எருமைக் கொம்பான்னு தொட்டுப் பாத்துட்டு வா.”

ஹேமநாதன் நுரையைப் பார்த்தார். தம் ஷூவைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

“கையெழுத்து சார்,” என்றாள் சாமுண்டீஸ்வரி. “தேதியும்.”