பேசாத நான்கு விசைகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் விசைப்பலகையில் நான்கு விசைகள் செத்துப்போயின. ஏழு, ற, ப, ர. இந்த நான்கும் இல்லாமல் யாராவது 'பேருந்து புறப்படும்' என்று அடித்துக் காட்டட்டும், நான் என் பேரையே மாற்றிக்கொள்கிறேன்.

என் பேரை யாரும் சொல்வதில்லை என்பது வேறு விஷயம். பேருந்து நிலையத்தில் டிரைவர் முதல் துப்புரவு அக்கா வரை எல்லோருக்கும் நான் 'மைக்' அண்ணன். இருபத்திரண்டு வருடம் அங்கே அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த நடைமேடை, எது எவ்வளவு தாமதம் என்று காலையிலிருந்து கத்திவிட்டு, வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாமல் பேசுகிற ஆள். எட்டு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது நான் அடிக்கிறேன், என்டர் தட்டினால் கணினி வாசிக்கிறது. பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட குமாஸ்தா மாதிரி ஒரு குரல். இருந்தாலும் இப்போதைக்கு அதுதான் என் வாய்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு மேலாளர் முன்னால் அரை மணி நேரம் அறிவிப்பு செய்து காட்ட வேண்டும். இது இரண்டாவது வாய்ப்பு. போன வாரம் அலுவலகத்தின் தட்டையான விசைப்பலகையில் தடவித் தடவி அடித்து, ஒரே வண்டியை இரண்டு நடைமேடைக்கு அனுப்பி, மூட்டை முடிச்சோடு ஐம்பது பேரை ஓடவிட்டேன். என்னுடையது டைப்ரைட்டரில் பழகிய கை. விசை உள்ளே இறங்கி டக்கென்று சொன்னால்தான் என் விரல் நம்பும். "உங்க கீபோர்டையே கொண்டாங்க. ஆனா இதுதான் கடைசி" என்றார் மேலாளர். தவறினால் காணாமல்போன பொருட்கள் அறைக்கு மாற்றிவிடுவார்கள். ஓய்வு பெறும்வரை குடைகளுக்குக் காவல் இருக்கலாம்.

என் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில், ஈயத்தை உருக்கி ஒட்டிய தனித்தனி சுவிட்ச். பழசாகிப்போய், ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழ ஆரம்பித்திருந்தது. சும்மா இருந்திருக்கலாம். நானா சும்மா இருப்பேன்? புது சுவிட்ச் ஆறு வாங்கினேன், சால்டரிங் அயர்ன் ஒன்று வாங்கினேன், ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். பழைய ஈயம் லேசில் உருகவில்லை. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன், உருகியது. ஆறையும் மாற்றிவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு கேபிளைச் செருகினால் நான்கு விசைகள் வாயைத் திறக்கவில்லை. அதிலும் ஏழையும் ப-வையும் நான் தொடவே இல்லை. தொடாததற்கு என்ன கேடு?

கணினியை அணைத்துப் போட்டேன். கேபிளை மாற்றினேன். ர-வுக்கு மறுபடியும் ஈயம் வைத்தேன், இன்னும் நன்றாக அழுத்தி. ஒன்றும் நடக்கவில்லை. கடைகள் எல்லாம் மூடியிருந்தன. மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். எனக்கு மிச்சமிருக்கிற சத்தம் அது ஒன்றுதான்.

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கருகற வாசனை வருது?"

'ஒன்றுமில்லை' என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். கோடு போட்டால் கத்துகிறேன் என்று அர்த்தம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பலகையைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "அயர்னை எத்தனை நேரம் வெச்சீங்க?"

பத்து விரலையும் விரித்தேன்.

"மூணு எண்ணறதுக்குள்ள எடுக்கணுங்க. பத்து எண்ணினா அது என்னத்துக்கு ஆகும்?"

'உனக்கு என்ன தெரியும்?' இதற்கு மூன்று கோடு.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியுமா ஆறு வருஷம் நான் எங்க வேலை பார்த்தேன்?"

'ரேடியோ ஃபேக்டரி.'

"அங்க என்ன வேலை?"

பேனா நின்றுவிட்டது. பிறகு, 'பேக்கிங்?' என்று எழுதினேன். அதற்குக் கோடு போடத் தைரியமில்லை.

அவள் சிரித்தே விட்டாள். "ரிப்பேர் மேஜைங்க. மத்தவங்க கருக்கித் தள்ளின போர்டையெல்லாம் சரி பண்ற வேலை. ஒருநாள் சொல்ல ஆரம்பிச்சேன். நடுவுல நீங்க டிப்போல நடந்த சண்டையைச் சொன்னீங்க. அது முடியறதுக்குள்ள சாப்பாடே முடிஞ்சிருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. டிப்போவில் நடந்த சண்டை இன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. பெண்டாட்டி என்ன வேலை பார்த்தாள் என்பது தெரியவில்லை. என்ன மனுஷன் நான்?

பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தாள். உள்ளே ஒரு மீட்டர், ஊசி முனை இடுக்கி, பிளேடு, பூதக்கண்ணாடி. இருபது வருடமாக அந்தப் பை அங்கேதான் இருக்கிறதாம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாள், 'பீப்' என்றது. இணைப்பு இருந்தால் அப்படிக் கத்துமாம். பிறகு பலகையின் அடியில் ஒரு முனையை ஏழிலும் ஒரு முனையை ற-விலும் வைத்தாள். பீப். ற-விலிருந்து ப. பீப். ப-விலிருந்து ர. சத்தமே இல்லை.

"பாருங்க. இந்த நாலும் ஒரே கோட்டுல இருக்கு. கோடு கீழ ர வழியாதான் மேல ஏறுது. நீங்க ர-வைப் போட்டு வறுத்ததுல செம்பு உரிஞ்சு வந்துருச்சு. வழியில அடைச்சா மேல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? அதான் தொடாததும் போச்சு."

பூதக்கண்ணாடியில் காட்டினாள். ர-வின் காலைச் சுற்றியிருக்க வேண்டிய செம்பு வட்டம், காய்ந்த பொருக்கு மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. என் கோபம் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

ர-வுக்குக் கீழே, கோட்டின் மேல் இருந்த பச்சைப் பூச்சைப் பிளேடால் ஒரு எள்ளளவு சுரண்டினாள். அடியில் செம்பு பளிச்சென்றது. பழைய சார்ஜர் கேபிளை உரித்து ஒரே ஒரு இழையை எடுத்து, அங்கிருந்து ப-வின் காலுக்குப் பாலம் போட்டாள். அயர்ன் பட்டது, "ஒண்ணு, ரெண்டு" என்றாள், எடுத்துவிட்டாள். கை நடுங்கவே இல்லை.

கேபிளைச் செருகினோம். ஏழு வந்தது. ற வந்தது. ப வந்தது. ர மட்டும் ஊமையாக இருந்தது. நான் மறுபடி மேஜையைக் குத்தக் கையைத் தூக்கினேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள், இறக்கிவிட்டேன்.

ர-வின் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தபோது அதன் ஒரு கால் ஓட்டைக்குள் போகாமல் அடியிலேயே மடிந்து கிடந்தது. அவசரத்தில் நான் திணித்தது. "வலிக்குதுன்னு சொல்லக்கூட வாய் இல்ல பாவம்" என்று சொல்லிக்கொண்டே காலை நிமிர்த்தி உள்ளே விட்டு, அதற்கும் ஒரு துண்டு இழை வைத்து ஒட்டினாள்.

"இருங்க, நானே அடிச்சுப் பார்க்கறேன்" என்று பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாள். என்டர் தட்டினாள். கணினி வாசித்தது:

"பிளாஸ்க் மூடியை ஒழுங்காக மூடத் தெரியாதா உனக்கு."

நான் கட்டைவிரலை உயர்த்தினேன். எல்லா எழுத்தும் வந்துவிட்டதே. அவள் விரல் இன்னும் விசையின் மேலேயே இருந்தது.

"இது எப்ப சொன்னதுன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஆபரேஷன் அன்னிக்குக் காலைல. உங்களை ஒண்ணும் குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. காபியை வாசனையாவது பார்க்கறேன்னு பிளாஸ்க்கைத் திறந்தீங்க. சரியாத் திருகாம வெச்சது நீங்கதான். ஃபைல் மேல கொட்டிருச்சு. வராண்டாவுல அத்தனை பேர் முன்னாடி என்னைப் பார்த்து இதைச் சொன்னீங்க. உடனே கூட்டிட்டுப் போயிட்டாங்க. உங்க குரல்ல நான் கடைசியாக் கேட்டது இதுதாங்க."

நோட்டை இழுத்தேன். 'இல்லை. போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன்.'

"அது தியேட்டர் வாசல்ல நர்ஸ்கிட்ட. அந்தப் பொண்ணுதான் வெளிய வந்து சொல்லுச்சு."

எட்டு மாதமாக நான் இவளிடம்தான் விடைபெற்றேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். குரல் போகப்போகிறது என்று முந்தின வாரமே தெரியும். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். இருபத்திரண்டு வருடம் ஊருக்கெல்லாம் அறிவித்தவன், சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரு மூடிக்குச் சண்டை போட்டிருக்கிறேன். அழுகை வந்தது. குரல்வளை இல்லாதவனுக்கு அழுகைகூடச் சத்தமில்லாமல்தான் வரும். அவள் என் முதுகைத் தட்டிவிட்டு, ஈயத் துணுக்குகளைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.

மறுநாள் காலை அறிவிப்பு அறையில் மேலாளர் என் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே, நான்காம் நடைமேடைத் தூணருகே, பெஞ்சில் அவள் இருந்தாள். மடியில் அதே பிளாஸ்க். நான் அடித்தேன். ஏழாம் நடைமேடை வந்தது, பேருந்து வந்தது, புறப்பட்டது. இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு பிழை இல்லை. யாரும் மூட்டையோடு ஓடவில்லை.

"இதெல்லாம் தாள்ல எழுதிக் குடுத்தது" என்றார் மேலாளர். "திடீர்னு ஏதாவது சொல்ல வேண்டி வந்தா? தாள் இல்லாம ஒண்ணு அடிங்க பார்க்கலாம். பார்த்து, ஸ்பீக்கர் நிலையம் பூராவும் போகுது."

காணாமல்போன குழந்தை, கைப்பை என்று ஒழுங்காக எதையாவது அடித்திருக்கலாம். வேலை தப்பித்திருக்கும். என் விரல் கேட்கவில்லை. அடித்தேன், என்டர் தட்டினேன். பன்னிரண்டு நடைமேடைகளிலும் அந்தக் குமாஸ்தா வாசித்தான்:

"பயணிகள் கவனத்திற்கு. நான்காம் நடைமேடையில் பிளாஸ்க்குடன் அமர்ந்திருக்கும் என் மனைவியின் கவனத்திற்கு. மூடியைச் சரியாக மூடாதவர் அறிவிப்பாளர். உன்மேல் தவறில்லை. இதைச் சொல்வதில் ஏற்பட்ட எட்டு மாதத் தாமதத்திற்கு வருந்துகிறோம்."

நிலையத்தில் பாதிப் பேர் நான்காம் நடைமேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"சொந்த விஷயத்துக்கு மைக்கைத் தொட்டது இதுவே கடைசியா இருக்கட்டும்" என்றார். "நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துருங்க."

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் எழுந்து நின்று அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பிளாஸ்க்கை உயரத் தூக்கி, நான் நன்றாகப் பார்க்கும்படி அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.