சண்முகராசா ஆண்ட அமெரிக்கா

சுவர்ணா அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அந்த வசந்தத்தில் லண்டன் கிங்ஸ்பரியில் அவளைப் போல அமெரிக்க அரசாங்கத்தைக் கரைத்துக் குடித்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எல்லாம் அக்காவால் வந்த வினை.

அக்கா பாலாம்பிகை நியூ ஜெர்சியில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள். ஆறு வருடத்துக்கு முன் குலுக்கலில் விழுந்த கிரீன் கார்டில் கணவரோடு போனவள். ஏப்ரல் கடைசியில் குடியுரிமைக்கு நேர்முகப் பரீட்சை. நூறு கேள்விகளைப் பாடமாக்க வேண்டும். அதில் பத்து கேட்பார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதும். தவறினால் இன்னொரு தரம் கூப்பிடுவார்கள்தான், ஆனால் அதற்கு இரண்டு மூன்று மாதம் செல்லும். பிறகு பாஸ்போர்ட் எடுப்பதற்குள், ஆகஸ்டில் விதுஷாவின் கல்யாணம் முடிந்துவிடும்.

விதுஷா சுவர்ணாவின் மகள். ஐந்து வயது வரைக்கும் அவளைக் குளிப்பாட்டி, தலை இழுத்துப் பின்னி, ஒரு வாய் சோறு ஊட்ட வீட்டு வளவெல்லாம் ஓடித் திரிந்தது பெரியம்மா பாலாம்பிகைதான். பிறகு சுவர்ணா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தாள். நேரில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பத்தொன்பது வருடமாயிற்று. ஒரு வருடம் விசா இல்லை, ஒரு வருடம் லீவு இல்லை, பிறகு கொரோனா. இலங்கைப் பாஸ்போர்ட்டோடு அக்கா இரண்டு தரம் லண்டனுக்கு விசா கேட்டாள். இரண்டு தரமும் ஏலாது என்று கடிதம் வந்தது. அமெரிக்கப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை.

ஆகவே, லண்டனில் மாலை ஆறு மணிக்கு, நியூ ஜெர்சியில் அக்காவின் மதியச் சாப்பாட்டு நேரத்தில், தினமும் வாட்ஸ்அப் வகுப்பு.

"அரசாங்கத்துக்கு எத்தினை கிளை?"

"மூண்டு."

"என்னென்ன?"

அந்தப் பக்கம் பேக்கரிப் பாண் ரொட்டியைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா!"

"கத்தாதையடி. எனக்கு இதொண்டும் மண்டையிலை ஏறுதில்லை. கண்டறியாத காங்கிரசும் செனட்டும். ஐம்பத்திமூண்டு வயசிலை எனக்கேன் இந்த வேலை?"

பத்து நாள் இப்படியே போனது. பதினோராம் நாள்தான் சுவர்ணாவுக்கு அந்த மகா யோசனை வந்தது. லண்டனில் தமிழருக்கு இருக்கும் சங்கங்களை எண்ணப் போனால் பஸ் தரிப்பிடங்களைவிடக் கூடத்தான் வரும். அவற்றில் ஒன்று அவர்களுடைய ஊர் ஒன்றியம். சுவர்ணாதான் அதன் செயலாளர், அதாவது சண்டைகளைக் குறிப்பேட்டில் எழுதுகிறவள். தலைவர் சண்முகராசா அண்ணை, ஊரில் இவர்களுக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. ஒன்றியத்தில் நடப்பதெல்லாம் அக்காவுக்கு அத்துபடி. லண்டனில் இருமினால் நியூ ஜெர்சியில் கேட்கும்.

"அக்கா, அமெரிக்காவை விடுங்கோ. எங்கடை ஒன்றியத்தை யோசியுங்கோ. ஜனாதிபதி ஆர்? சண்முகராசா அண்ணை. காங்கிரஸ் எண்டால் எங்கடை பொதுக்கூட்டம். சட்டம் போடுறது அவைதான், அவரில்லை."

"அப்ப நீதிமன்றம்?"

"போசகர்மார். முன்வரிசையிலை சால்வையோடை இருப்பினமே, அவை. ஒருக்கா போட்டால் சாகுமட்டும் போசகர். ஆரும் இறக்கேலாது. யாப்புச் சட்டத்திலை இருக்கோ இல்லையோ எண்டு கடைசியாச் சொல்லுறதும் அவைதான்."

பாலாம்பிகை பாணைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பாருங்கள் வகுப்பை! உப ஜனாதிபதி யார்? சும்மா மாலை போட்டுக்கொண்டு நிற்கிற உப தலைவர், தலைவருக்கு ஒன்று நடந்தால் அந்தக் கதிரை அவருக்கு. செனட்டில் ஏன் மாநிலத்துக்கு இருவர்? ஊரின் மேற்கு வட்டாரத்தார் லண்டனில் மூன்றே குடும்பம், என்றாலும் நிர்வாகத்தில் அவர்களுக்கும் இரண்டு பேர் வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்கினார்களே, அதேதான். மற்றச் சபையில் சனத்தொகைக்கு ஏற்ப ஆள்.

வீட்டோ அதிகாரத்துக்குத்தான் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். முந்திய கோடைகால ஒன்றுகூடல் சதுர்த்தியில் வந்துவிட்டது. பொதுக்கூட்டம் ஆட்டிறைச்சிக் கறி என்று தீர்மானித்தது. சண்முகராசா அண்ணை நெற்றியில் திருநீறு துலங்க எழுந்து, தான் கையெழுத்து வைக்க மாட்டேன், கத்தரிக்காய்தான் என்றார். மறுபடி கூட்டம் கூட்டி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கை உயர்த்தி, அவருடைய மறுப்பை முறித்தார்கள். அண்ணை கோபத்தில் தயிர்ச்சாதம் கட்டிக்கொண்டு வந்தார்.

"அமெரிக்காவிலையும் இப்பிடியேடி?"

"அச்சொட்டா இப்பிடித்தான். என்ன, அங்கை ஆட்டுக்குப் பதிலா வேறை ஏதும்."

எல்லாம் நன்றாகத்தான் போனது. பரீட்சைக்கு முந்தைய நாள், ஒரு பேச்சுக்கு சுவர்ணா கேட்டாள்: "ஜனாதிபதியை எத்தினை வருசத்துக்குத் தெரிவு செய்யிறது?"

"வருசக் கணக்கோ? அவராப் போகுமட்டும்."

சண்முகராசா அண்ணை பதினான்கு வருடமாகக் கதிரையை விட்டு எழும்பவில்லை என்பதைச் சுவர்ணா யோசிக்கவே இல்லை. "நாலு வருசம் அக்கா! நாலு! கடவுளே, அண்ணையை மறவுங்கோ!"

"நீதானே அவரை யோசிக்கச் சொன்னாய்!" அக்காவின் குரல் உடைந்தது. "இப்ப எல்லாம் கலங்கிப்போச்சு. எது அமெரிக்கா, எது ஒன்றியம் எண்டே தெரியேல்லை. பிள்ளையின்ரை கலியாணத்தை நான் போனிலைதான் பார்க்கப் போறன்."

அந்த மூளைகெட்ட வேலையைச் செய்த தன்னைத் தானே திட்டியபடிதான் சுவர்ணா அடுத்த நாளைக் கழித்தாள். வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் கஸ்டர்டுக்கு உப்புப் போட்டாள். லண்டன் நேரம் மூன்று மணிக்கு அங்கே பரீட்சை தொடங்கும். நாலரைக்கும் போன் வரவில்லை. 183ஆம் இலக்க பஸ்ஸின் மேல்தட்டில் அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அடித்தது.

"சுவர்ணா..."

"சொல்லுங்கோ! என்ன நடந்தது?"

"பரீட்சை எடுத்த பொம்பிளை முதல் கேள்வியே, நிர்வாகக் கிளைக்குத் தலைவர் ஆர் எண்டு கேட்டவ. எனக்கு வாயிலை வந்தது என்ன தெரியுமோ? சண்முகராசா."

சுவர்ணா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆரது எண்டு கேட்டவ. லண்டன் பிரசிடென்ட் எண்டு சொல்லிப்போட்டன். பிழை. அதோடை பயம் பிடிச்சிட்டுது. நீளமான ஆறு எது, கொடியிலை எத்தினை கோடு எண்டு எல்லாம் மாறி மாறி... ஒன்பது கேள்வி முடிய அஞ்சுதான் சரி."

"பேந்து?"

"பத்தாவது. ஒரு கிளை அளவுக்கு மிஞ்சி அதிகாரம் எடுக்காமல் எது தடுக்கும் எண்டு. அதுக்கு இங்கிலிசிலை ரெண்டு சொல் இருக்கெல்லோ, அது வரவே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு, பிரசிடென்ட் நோ மட்டன் எண்டார், சனம் யெஸ் மட்டன் எண்டு கை தூக்கினது, பிரசிடென்ட் தோத்துப்போனார் எண்டன்."

"ஐயோ அக்கா!"

"அந்தப் பொம்பிளை சிரிச்சாவே ஒரு சிரிப்பு! கண்ணைத் துடைச்சுப்போட்டு, கதை விளங்குது, ஆனால் அதுக்கு ஒரு பெயர் இருக்கே, யோசியுங்கோ எண்டவ. அவ அப்பிடிச் சிரிச்ச உடனை எனக்குப் பயம் விட்டுப்போச்சு. டக்கெண்டு வந்துது, செக்ஸ் அண்ட் பலன்சஸ், ஒண்டை ஒண்டு செக் பண்ணுறது. பாஸ் பண்ணிட்டனடி!"

சுவர்ணா கூவிய கூவலில் ட்ரைவர் என்ன நினைத்தாரோ தெரியாது. கிழவர் தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை, மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடியது. பாஸ்போர்ட் ஜூலைக்குள் வந்துவிடும், கல்யாணத்துக்கு ஒரு கிழமை முந்தியே வரச் சொல்ல வேண்டும் என்று மனம் தாவித் தாவி ஓடியது.

"எழும்பேக்கை இன்னொண்டும் கேட்டவ," என்றாள் அக்கா. "பரீட்சைக்கில்லை, சும்மா. ஏன் அமெரிக்கக் குடியுரிமை எடுக்க விரும்புறீங்கள் எண்டு."

"சுதந்திரம், ஜனநாயகம் எண்டு ஏதும் வடிவாச் சொன்னீங்களே?"

"அந்த நேரம் அதொண்டும் வரேல்லை," என்றாள் அக்கா. "லண்டனிலை என்ரை தங்கச்சி இருக்கிறாள் எண்டன்."